கட்டற்ற மென்பொருளுக்கும் ஒரு கட்டுப்பாடு

‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்பது நம் முன்னோர் கூற்று. அவசரக்காரனுக்கும் அது பொருந்தும் என்பதை ஒரு பள்ளி நூலகத்தின் மேசை முன்னே தலைகுனிந்து நின்றபோது நான் உணர்ந்தேன். கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவனாகிய நான், மென்பொருளை எழுதும் முறையை வகுப்பறையில் கற்றேன். எழுதியதைப் பிறர் கையில் ஒப்படைக்கும் முறையை ஒரு தவறு செய்த பிறகே கற்றேன். அந்தத் தவற்றையும் அதன் வழியே நான் தெரிந்துகொண்டவற்றையும் நம் கல்லூரி மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

எங்கள் துறையில் முன்பு பயின்ற மாணவர்கள் சிலர், நூலகத்திற்கென ஒரு சிறிய மென்பொருளை எழுதி வைத்துச் சென்றனர். எந்த நூலை யார் எடுத்தார், எந்த நாளில் திருப்பித் தரவேண்டும், தாமதமானால் அபராதம் எவ்வளவு என்பனவற்றைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் அது. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், தேவைக்கேற்பத் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம் என்ற உரிமத்துடன் அதனை விட்டுச் சென்றார்கள். இத்தகைய மென்பொருளையே கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் அழைக்கிறோம். எங்கள் துறை நூலகத்திலும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் நூலகத்திலும் அது பயன்பட்டு வந்தது.

சென்ற ஆண்டு அதன் மூன்றாம் பதிப்பை வெளியிடும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் வெளியிடுவதாக அறிவித்துவிட்டேன். நண்பர்கள் ஆளுக்கொரு புதுமையைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியீட்டிற்கு முதல்நாள் இரவு பத்து மணிக்கு ஒரு நண்பர் வந்தார். விடுமுறை நாட்களைக் கழித்துவிட்டு அபராதம் கணக்கிடும் பகுதியை எழுதி முடித்திருந்தார். நல்ல யோசனைதான். என் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக ஓடியது. “இதையும் சேர்த்துவிடுவோம், இதை விட்டால் அடுத்த பதிப்பு எப்போது வருமோ!” என்றேன். மறுநாள் பள்ளிக்குச் சென்று புதிய பதிப்பை நிறுவிவிட்டு, பாராட்டும் தேநீரும் பெற்றுத் திரும்பினேன்.

இரண்டு வாரங்கள் சென்றபின் நூலகர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, ஒழுங்காகத் திருப்பித் தருகிற பிள்ளைகளுக்கும் அபராதம் காட்டுகிறதே! ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு 38 ரூபாய் என்கிறது. அந்தக் குழந்தை அழுதுகொண்டே போய்விட்டாள். மூன்று நாட்களாக நூலகத்தின் பக்கமே வரவில்லை” என்றார்.

ஓடிச் சென்று பார்த்தேன். அந்தச் சிறுமி மார்ச் முதல் நாள் திருப்பித் தரவேண்டிய நூலை, பிப்ரவரி 20ஆம் நாளே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கெடு நாள் ‘01-03’ என்று பதிவாகியிருந்தது. நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவது நம் வழக்கம். அந்தக் கணிப்பொறியிலோ மாதம் முன்னும் நாள் பின்னுமாக அமைத்திருந்தார்கள். ஆகவே மென்பொருள் அதனை ஜனவரி 3 என்று படித்துக்கொண்டது. 48 நாள் தாமதம் எனக் கணக்கிட்டு, விடுமுறைகளைக் கழித்து, நாளுக்கு ஒரு ரூபாய் வீதம் 38 ரூபாய் விதித்துவிட்டது! என் நண்பர் எழுதிய பகுதி என் கணிப்பொறியில் பிழையற்றது. அந்தக் கணிப்பொறியில் பிழையானது.

பழைய பதிப்பையே மீண்டும் நிறுவிவிடலாம் என்றால், அதை நான் தனியே எடுத்து வைத்திருக்கவில்லை. எந்தத் திருத்தத்தால் வந்த வினை என்று தேடினால், கடைசி வாரத்தில் மட்டும் பதினெட்டு திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நாட்களாயின. அதுவரை அம்மையார் பழையபடி குறிப்பேட்டில் கையால் எழுதினார்.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நான்கு பேர் எழுதும் சிறு மென்பொருளுக்கே இந்த நிலை என்றால், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் பெரிய கட்டற்ற மென்பொருள்கள் எவ்வாறு தவறாமல் வெளிவருகின்றன? விடை தேடிய நான் லினக்ஸ் கருநிரலின் வரலாற்றில் வந்து நின்றேன்.

லினக்ஸ் வளர்ந்த கதை

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் இயக்கும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று பணிபுரியும் அடிப்படை நிரலே கருநிரல் எனப்படும். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு தாம் எழுதிய கருநிரலைப் பிறருக்கு வழங்கத் தொடங்கினார். அப்போது அதில் சுமார் பத்தாயிரம் வரிகளே இருந்தன. 1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பு வெளிவந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்தினுள்ளும் இயங்குவது லினக்ஸ் கருநிரலே. உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகள் என்ற பட்டியலில் உள்ளவை யாவும் 2017 நவம்பர் முதல் லினக்ஸைக் கொண்டே இயங்கி வருகின்றன. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் இடம்பெறுகின்றன. அவற்றை அனுப்புவோர் பல நாடுகளில் இருப்பவர்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை.

இத்தனை பெரிய பணியும் தொடக்கத்திலேயே ஒழுங்குபட நடந்துவிடவில்லை. எனக்கு நேர்ந்ததைப் போன்ற இடையூறு அவர்களுக்கும் நேர்ந்தது என்பதை அறிந்தபோது சற்றே ஆறுதலாக இருந்தது.

பேருந்துப் படிக்கட்டு

அக்காலத்தில் லினக்ஸ் பதிப்புகளுக்கு ஒரு எண் முறை இருந்தது. இரண்டாவது எண் இரட்டைப்படையாயின் அது மக்கள் பயன்பாட்டிற்குரிய நிலைப்பதிப்பு. ஒற்றைப்படையாயின் ஆய்வுக்குரிய சோதனைப் பதிப்பு. 2.4 என்னும் நிலைப்பதிப்பு 2001 ஜனவரியில் வந்தது. 2.5 என்னும் சோதனைப் பதிப்பில் புதுமைகள் குவிந்தன. அவை கனிந்து 2.6 ஆக வெளிவந்ததோ 2003 டிசம்பரில். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்!

நிற்க. இதன் விளைவை விளக்க எங்கள் ஊர்ப் பேருந்தைச் சொல்ல வேண்டும். காலை 7.40க்கு வரும் வண்டியை விட்டால் அடுத்த வண்டி பதினொரு மணிக்குத்தான். ஆகவே உள்ளே இடம் இருக்கிறதா இல்லையா என்று எவரும் பார்ப்பதில்லை. படிக்கட்டில் ஒரு கால், காற்றில் ஒரு கால் என்று தொங்கிக்கொண்டாவது ஏறிவிடுவார்கள். நகரத்தில் பத்து நிமிடத்திற்கு ஒரு வண்டி வரும் தடத்தில் இப்படி யாரும் தொங்குவதில்லை. ‘இது போனால் அடுத்தது’ என்று நிதானமாக நிற்கிறார்கள். படிக்கட்டில் தொங்குகிறவர் ஒழுங்கற்றவர் அல்லர். அடுத்த வண்டியின்மீது நம்பிக்கையற்றவர்.

மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு என்றிருந்தபோது லினக்ஸிலும் இதுவே நடந்தது. தம் நிரலை இந்தப் பதிப்பிலேயே எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் முயன்றனர். ஏற ஏறப் பிழைகள் பெருகின. பிழைகள் பெருகப் பெருக வெளியீடு தள்ளிப்போயிற்று. தள்ளிப்போகப் போக இன்னும் பலர் ஏறினர். லினக்ஸைத் தொகுத்து வழங்கிய நிறுவனங்களோ காத்திருக்க முடியாமல், சோதனைப் பதிப்பிலிருந்த புதுமைகளைத் தாங்களாகவே பழைய 2.4உடன் ஒட்டவைத்து வழங்கின. இதனால் ஒரே எண்ணைத் தாங்கிய கருநிரல்கள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டன.

“இதை விட்டால் அடுத்த பதிப்பு எப்போது வருமோ!” என்று அன்றிரவு நான் சொன்னேனல்லவா? நானும் படிக்கட்டில்தான் தொங்கினேன். ஒரு நூலகத்தையும் உடன் தொங்கவிட்டேன்.

இரண்டு வாரத் திறப்பு, ஏழு வாரப் பொறுமை

2004, 2005 ஆகிய ஆண்டுகளில் லினக்ஸ் குழுவினர் தம் முறையை மாற்றிக்கொண்டனர். அம்முறையே இன்றும் தொடர்கிறது. அதன் போக்கைச் சுருக்கமாகக் காண்போம்.

ஒரு பதிப்பு வெளிவந்ததும் அடுத்த பதிப்பிற்கான வாயில் திறக்கிறது. இரண்டு வாரங்கள் அது திறந்திருக்கும். கோப்பு முறைமை, வலையமைப்பு, ஒலி என ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் உண்டு. தத்தம் பகுதியில் ஏற்கெனவே சோதித்து ஆயத்தமாக வைத்திருப்பவற்றை அவர்கள் இக்காலத்தில் லினஸிடம் ஒப்படைப்பார்கள். ‘ஆயத்தமாக’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாயில் திறந்த பிறகு எழுதத் தொடங்குவது முறையன்று. அடுத்த பதிப்பில் சேரவிருக்கும் பகுதிகள் அனைத்தையும் முன்கூட்டியே ஒன்றாக இணைத்து, ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பார்ப்பதற்கெனத் தனியே ஒரு தொகுப்பும் நடத்தப்படுகிறது. வெவ்வேறு தையற்காரர் தைத்த துண்டுகளைத் திருமணத்திற்கு முன்பே ஒருமுறை பொருத்திப் பார்ப்பதைப் போன்றது இது.

இரண்டு வாரம் முடிந்ததும் வாயில் அடைக்கப்படுகிறது. அன்று வெளிவருவது ஆர்சி-1 எனப்படும் முதல் முன்னோட்டப் பதிப்பு. அதன்பின் புதுமை எதற்கும் இடமில்லை. பிழை திருத்தங்களுக்கு மட்டுமே இடம். ஞாயிறுதோறும் ஒரு முன்னோட்டப் பதிப்பு வெளிவரும். உலகெங்கும் உள்ளவர்கள் தத்தம் கணிப்பொறிகளில் அதை ஓட்டிப் பார்த்துப் பிழைகளைத் தெரிவிப்பார்கள். வாரம் செல்லச் செல்லத் திருத்தங்கள் குறைந்து வரவேண்டும். காய்ச்சல் இறங்குகிறதா என்று பார்க்கும் மருத்துவர்போல் இதைப் பார்த்துவருகிறார்கள். பெரும்பாலும் ஏழாவது முன்னோட்டத்திற்குப் பின், ஐயம் இருப்பின் எட்டாவதற்குப் பின், உண்மைப் பதிப்பு வெளிவருகிறது. மொத்தம் ஒன்பது அல்லது பத்து வாரங்கள்.

பிந்தி வந்தவர் என்ன செய்வார்? காத்திருப்பார். அடுத்த வாயில் ஒன்பது வாரத்தில் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். ‘இப்போது இல்லை’ என்ற சொல் அங்கே ‘எப்போதும் இல்லை’ என்று பொருள்படுவதில்லை. இம்முறையின் வெற்றிக்கு இதுவே காரணம் என நான் கருதுகிறேன்.

பதிப்பின் எண்ணில்கூட அவர்கள் ஆரவாரம் செய்வதில்லை. 2.6.39க்குப் பின் 2011இல் 3.0 வந்தது. 5.19க்குப் பின் 2022இல் 6.0 வந்தது. பெரும் புரட்சி ஏதும் நிகழ்ந்துவிட்டதால் அன்று. எண்கள் நீண்டுவிட்டன என்பதால்தான்.

பழையது கெடலாகாது

லினக்ஸில் ஓர் உறுதியான விதி உண்டு. முந்தைய பதிப்பில் ஒழுங்காக இயங்கிய ஒரு மென்பொருள் புதிய பதிப்பில் இயங்காமல் போனால், குற்றம் கருநிரலுடையதே. ‘நீங்கள் பயன்படுத்திய முறை தவறு’ என்று பயனாளரைக் குறைகூற இயலாது. பிழையைச் சரிசெய்ய வேண்டும். இயலாவிடில் அந்தத் திருத்தத்தையே திரும்பப் பெறவேண்டும். ‘பள்ளிக் கணிப்பொறியில் தேதி அமைப்பு சரியில்லை’ என்று நான் முதலில் நூலகரிடம் சாக்குச் சொன்னேன். இவ்விதியைப் படித்தபோது அதை எண்ணி வெட்கினேன்.

பத்தாயிரம் திருத்தங்களுக்குள் பிழை செய்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே எளிய கணக்கு ஒன்று கைகொடுக்கிறது. லினஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி, ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாகப் பதிந்து வைக்கிறது. திருத்த வரிசையின் நடுவில் உள்ள நிலையை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்குப் பிழை இருந்தால் குற்றவாளி முற்பாதியில் இருக்கிறது; இல்லையேல் பிற்பாதியில். மீண்டும் அப்பாதியைப் பாதியாக்க வேண்டும். இவ்வாறு செய்தால் பத்தாயிரம் திருத்தங்களுள் ஒன்றைக் கண்டறிய 14 சோதனைகளே போதும். இரண்டை 14 முறை பெருக்கினால் 16,384 வருகிறதல்லவா? என் பதினெட்டு திருத்தங்களுக்கு ஐந்து சோதனைகள் போதுமாயிருந்தன. நானோ ஒவ்வொரு வரியாகப் படித்து இரண்டு நாட்களைக் கழித்தேன்.

பதிப்பு வெளிவந்ததோடு பொறுப்பும் முடிவதில்லை. பின்னர் தெரியவரும் பிழைகளுக்கான திருத்தங்களை மட்டும் கொண்ட துணைப்பதிப்புகள் வெளிவருகின்றன. இதற்கென 2005இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் முதலியோர் தனி வரிசை ஒன்றைத் தொடங்கினர். அதில் சேரும் திருத்தம் சிறியதாக, நூறு வரிகளுக்கு மேற்படாததாக இருக்கவேண்டும். உண்மையான பிழையைத் தீர்ப்பதாக இருக்கவேண்டும். முதன்மைத் தொகுப்பில் ஏற்கெனவே ஏற்கப்பட்டிருக்கவும் வேண்டும். சில பதிப்புகள் நெடுங்காலப் பதிப்புகள் எனத் தெரிந்தெடுக்கப்பட்டு, பல ஆண்டுகள் பேணப்படுகின்றன.

பொட்டலத்தில் ஒளிந்த நஞ்சு

வாயிலை உரிய நாளில் அடைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதை 2024இல் நடந்த ஒரு நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஒரு கட்டற்ற மென்பொருள். லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றிலும் அது இருக்கும். நெடுங்காலமாக ஒருவரே தம் ஓய்வு நேரத்தில் அதைப் பேணிவந்தார். உதவ முன்வந்த மற்றொருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிந்து நம்பிக்கையைப் பெற்றார். இறுதியில் பதிப்புகளை வெளியிடும் உரிமையையும் பெற்றார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பிறர் கணிப்பொறிக்குள் கள்ளத்தனமாக நுழைய வழிசெய்யும் நிரல் மறைந்திருந்தது. அதை உயிர்ப்பிக்கும் கட்டளை வரிகள் எல்லோரும் பார்க்கக்கூடிய மூல நிரல் தொகுப்பில் இல்லை. வெளியீட்டிற்கெனக் கட்டி அனுப்பிய பொட்டலத்தில் மட்டுமே இருந்தன!

ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று ஐயுற்றார். அந்த அரை நொடியைத் தொடர்ந்து சென்று உண்மையைக் கண்டறிந்து, மார்ச் 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். டெபியன் முதலிய தொகுப்புகளின் சோதனைப் பிரிவுகளில் அந்தப் பதிப்பு நுழைந்திருந்தது. ஆனால் டெபியனின் நிலைப்பதிப்பை அது எட்டவில்லை. புதியது எதுவாயினும் சோதனைப் பிரிவில் காத்திருந்த பின்பே நிலைப்பதிப்பிற்குள் செல்லவேண்டும் என்ற பொறுமைதான் அதைக் காத்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? திறந்த நிரல் வேறு, வெளியிட்ட பொட்டலம் வேறு. முன்னதைப் பலர் படிக்கிறார்கள். பின்னதையே மக்கள் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றே என்று எவரும் சரிபார்க்க வழி இருக்கவேண்டும். பொட்டலத்தின்மீது வெளியிடுபவர் இடும் மின்கையொப்பம், அது இன்னாரிடமிருந்துதான் வந்தது, வழியில் மாறவில்லை என்பதைக் காட்டும். அவர் நல்லவரா என்பதைக் காட்டாது. ஆகவே ஒரே மூல நிரலைக்கொண்டு வேறொருவர் கட்டினாலும் அதே பொட்டலம் கிடைக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் தேவையாகிறது. தனியொருவர் தோளில் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு மற்றவர்கள் சும்மா இருப்பதும் ஆபத்தே. களைத்தவரிடம்தான் கள்வன் உதவியாளனாக வருகிறான்.

எங்கள் நான்காம் பதிப்பு

இவற்றைப் படித்துத் தெளிந்தபின் நண்பர்கள் நால்வரும் கூடி எங்களுக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். இரண்டு மாதத்திற்கு ஒரு பதிப்பு; நாள் முன்னதாகவே குறிக்கப்படும். அதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன் வாயில் அடைக்கப்படும். அதன்பின் பிழை திருத்தம் மட்டுமே. முன்னோட்டப் பதிப்பைப் பள்ளி நூலகக் கணிப்பொறியிலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம். என்னென்ன மாறியிருக்கிறது என்பதை நூலகருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவோம். முந்தைய பதிப்பை எப்போதும் கைவசம் வைத்திருப்போம். பொட்டலத்தை ஒருவர் கட்ட, மற்றொருவர் சரிபார்ப்பார்.

நான்காம் பதிப்பிற்கு முதல்நாள் இரவு, அதே நண்பர் மீண்டும் வந்தார். நூல் தலைப்புகளைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கும் பகுதியை முடித்திருந்தார். முன்னதைவிடவும் நல்ல வேலை. “அடுத்த பதிப்பில்” என்றேன். அவர் முகம் வாடியது. எனக்கும் வருத்தமே. ஆனால் அடுத்த பதிப்பின் நாள் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், சிரித்தார், போய்விட்டார். இரண்டு மாதங்களில் அவருடைய பகுதி, இடையில் கண்டறிந்த இரு பிழைகள் நீங்கியதாய், ஐந்தாம் பதிப்பில் ஏறியது.

நான்காம் பதிப்பை நிறுவச் சென்ற நாளில் அந்த ஏழாம் வகுப்பு மாணவியை வரவழைத்து, அவள் பெயருக்கு எதிரே அபராதம் சுழியம் என்றிருப்பதைக் காட்டினேன். “தவறு உன்னுடையது அல்ல அம்மா, எங்களுடையது” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரையை ஒருமுறை பார்த்துவிட்டு அலமாரிப் பக்கம் சென்று இரண்டு நூல்களை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மாணவ நண்பர்களே! கட்டற்ற மென்பொருள் என்றால் கட்டுப்பாடு அற்றது என்று பொருளன்று. எழுதுவதற்கும் படிப்பதற்கும் திருத்துவதற்கும் அங்கே தடையில்லை. ஆனால் முகமறியாத ஒருவர் நம்மை நம்பிப் பயன்படுத்தப் போகிறார் என்னும்போது, கதவை எந்நாளில் திறப்பது, எந்நாளில் அடைப்பது என்ற ஒழுங்கு தேவைப்படுகிறது. நம் கல்லூரியிலும் நாளை நீங்கள் ஒரு மென்பொருளை எழுதக்கூடும். எழுதி முடித்த மகிழ்ச்சியில் உடனே வெளியிட்டுவிடாதீர்கள். அடுத்த பதிப்பின் நாளை முதலில் குறித்துவிட்டு, பிறகு இந்தப் பதிப்பின் கதவை அடையுங்கள். இந்த மலருக்கும் ஆசிரியர் குழுவினர் ஒரு கடைசி நாள் குறித்திருந்தார்கள். என் கட்டுரை அதற்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே சென்று சேர்ந்தது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.